சராசரி வேகக் கணக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயக்கவியலில் முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடும் பாடம் இது. சூத்திரம் ஒரே வரிதான். ஆனாலும் நன்றாகப் படிக்கிறவர்கள்கூட மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிற இடமாகவும் இது இருக்கிறது. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், கேட்க வேண்டியும் கேட்காமல் விட்டுவிடும் சிலவற்றையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

சராசரி வேகம் என்றால் என்ன?

கடந்த மொத்தத் தூரத்தை, அதற்கு ஆன மொத்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது. அவ்வளவுதான்.

ஒரு வண்டி 3 மணி நேரத்தில் 150 கி.மீ. போயிருந்தால் அதன் சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ. நடுவில் அது 80-இல் பறந்ததா, 20-இல் ஊர்ந்ததா, கால் மணி நேரம் ஓரமாக நின்று கிடந்ததா என்பதெல்லாம் இந்த விடையில் தெரியாது. பக்கத்தில் இன்னொரு வண்டி, கூடாமல் குறையாமல் 50-இலேயே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டால் ஒன்றாகவே போய்ச் சேரும். வழியில் ஒன்றை ஒன்று எத்தனை முறை முந்தினாலும் சரி.

இரண்டு வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏன் தப்பு என்கிறார்கள்?

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் 120 கி.மீ. தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறார், அதே வழியில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் என்ன?

கை தானாக 50 என்று எழுதிவிடும். கொஞ்சம் பொறுங்கள். போக 120 ÷ 60 = 2 மணி நேரம். வர 120 ÷ 40 = 3 மணி நேரம். மொத்தத் தூரம் 240 கி.மீ., மொத்த நேரம் 5 மணி. 240 ÷ 5 = 48. விடை மணிக்கு 48 கி.மீ.

அந்த 2 கி.மீ. எங்கே போனது? அவர் சாலையில் இருந்த 5 மணி நேரத்தில் 3 மணி நேரம் மெதுவாகவும், 2 மணி நேரம் மட்டுமே விரைவாகவும் போயிருக்கிறார். மெதுவாகப் போகிறவருக்கு அதே தூரத்தைக் கடக்க அதிக நேரம் பிடிக்கிறது. அதனால் சராசரியும் மெதுவான வேகத்தின் பக்கமே சாய்கிறது. 20 பேர் இருக்கும் வகுப்பின் சராசரி மதிப்பெண் 60, 30 பேர் இருக்கும் வகுப்பின் சராசரி 40 என்றால், இரண்டுக்கும் சேர்த்துச் சராசரி 50 என்று யாரும் சொல்ல மாட்டோம். அங்கேயும் விடை 48-தான். அங்கே தலைகளின் எண்ணிக்கை செய்யும் வேலையை இங்கே நேரம் செய்கிறது.

அப்படியானால் கூட்டி வகுப்பது எப்போதுமே தப்பா?

இல்லை. இரண்டு வேகங்களிலும் ஒரே அளவு நேரம் போயிருந்தால் அது சரி. 2 மணி நேரம் 60-இல், அடுத்த 2 மணி நேரம் 40-இல் போனால், கடந்த தூரம் 120 + 80 = 200 கி.மீ., நேரம் 4 மணி, சராசரி 50.

ஆகவே கணக்கைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது, அது ‘பாதித் தூரம்’ என்கிறதா ‘பாதி நேரம்’ என்கிறதா என்பதை. எண்கள் எல்லாம் அச்சாக ஒன்றாகவே இருந்து, இந்த ஒரு சொல் மட்டும் மாறினாலும் விடை மாறிவிடும். கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியாக இருந்தால் 48-உம் இருக்கும், 50-உம் இருக்கும்.

போய்த் திரும்பும் கணக்குக்குத் தனிச் சூத்திரம் இருக்கிறதாமே?

இருக்கிறது. சம தூரங்களை ‘அ’, ‘ஆ’ என்ற இரண்டு வேகங்களில் கடந்தால்,

சராசரி வேகம் = 2 × அ × ஆ ÷ (அ + ஆ)

60, 40 போட்டுப் பாருங்கள்: 2 × 60 × 40 ÷ 100 = 48. கணிதத்தில் இதற்கு இசைச் சராசரி என்று பெயர். வருவித்துக் காட்டவும் இரண்டு வரி போதும். ஒரு பக்கத் தூரம் ‘தொ’ என்றால் மொத்தத் தூரம் 2தொ; மொத்த நேரம் (தொ ÷ அ) + (தொ ÷ ஆ). வகுக்கும்போது ‘தொ’ மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடும்.

அது அடிபட்டுப் போவதால் ஒரு வசதி உண்டு. கேள்வியில் தூரமே கொடுக்கவில்லை என்று பல பேர் திகைத்து நிற்பார்கள். கொடுக்கத் தேவையில்லை என்பதால்தான் கொடுக்கவில்லை. வேகங்கள் இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும் ஓர் எண்ணைத் தூரமாக நீங்களே வைத்துக்கொள்ளலாம். 60, 40 என்றால் 120 நல்ல எண்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் அது சம தூரம், இரண்டு பகுதிகள் என்ற நிலைக்கு மட்டும்தான் பொருந்தும். பாதை மூன்று சம பகுதிகளாக 20, 30, 60 என்ற வேகங்களில் கடக்கப்பட்டால் பாதிப் பேர் இதே சூத்திரத்தை எப்படியாவது வளைத்துப் பார்ப்பார்கள். அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதியும் 60 கி.மீ. என்று வைத்தால் நேரங்கள் 3, 2, 1 மணி. மொத்தம் 6 மணியில் 180 கி.மீ.; விடை 30. கூட்டி வகுத்திருந்தால் 36-க்கு மேல் வந்திருக்கும். என்னைக் கேட்டால் சூத்திரத்தைவிட இந்த வழியே நல்லது. எத்தனை பகுதிகள் வந்தாலும், அவை சமமாக இல்லாவிட்டாலும் இது கைகொடுக்கும்.

சம தூரங்களில் உண்மையான சராசரி எவ்வளவு குறையும்?

இரண்டு வேகங்களுக்கும் உள்ள வித்தியாசம் கூடக் கூட, குறைவும் கூடும். கூட்டி வகுத்தால் 50 வரும் சில ஜோடிகளைப் பார்ப்போம். 60-உம் 40-உம் என்றால் 48. 70-உம் 30-உம் என்றால் 42. 80, 20 என்றால் 32. 90, 10 என்றால் வெறும் 18! கடைசி ஜோடியில் பாதித் தூரத்தை 90-இல் பறந்து கடந்தும், சராசரி 20-ஐக்கூடத் தொடவில்லை. மீதிப் பாதியை 10-இல் கடந்த நேரம் அத்தனையையும் விழுங்கிவிட்டது.

இரண்டு வேகங்களும் சமமாக இருந்தால் மட்டுமே இரண்டு வழிகளும் ஒரே விடை தரும். மற்றபடி சம தூரக் கணக்கில் உண்மையான விடை எப்போதும் கூட்டுச் சராசரியைவிடக் குறைவு. சம தூரங்களுக்கு உங்கள் விடை அதைவிட அதிகமாக வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது. சராசரி எதுவானாலும் மிகக் குறைந்த வேகத்துக்கும் மிக அதிகமான வேகத்துக்கும் நடுவில்தான் விழ வேண்டும். இதையும் ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

முதல் பாதியில் மெதுவாகப் போனதை இரண்டாம் பாதியில் வேகமாகப் போய் ஈடுகட்ட முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதுதான் இந்தப் பாடத்திலேயே சுவையான விஷயம்.

உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர் தம் நண்பர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்குக் கடிதத்தில் ஒரு புதிர் அனுப்பினார். பழைய கார் ஒன்று 2 மைல் போக வேண்டும். 1 மைல் மேட்டில் ஏற்றம், 1 மைல் இறக்கம். ஏற்றத்தில் மணிக்கு 15 மைலுக்கு மேல் அதனால் முடியாது. மொத்தப் பயணத்தின் சராசரி மணிக்கு 30 மைல் ஆக வேண்டுமானால், இறக்கத்தில் என்ன வேகத்தில் வர வேண்டும்?

45 என்று சொல்லத் தோன்றும். 15-உம் 45-உம் கூட்டி வகுத்தால் 30 வருகிறதே. நேரத்தை எழுதிப் பார்ப்போம். மணிக்கு 30 மைல் என்றால் 2 மைலுக்கு 4 நிமிடம். மணிக்கு 15 மைல் வேகத்தில் 1 மைல் ஏறுவதற்கு ஆகும் நேரம்? அதுவும் 4 நிமிடம். மேட்டின் உச்சிக்கு வரும்போதே இருந்த நேரம் முழுவதும் தீர்ந்துவிட்டது. இறங்குவதற்கு ஒரு நொடிகூட மிச்சமில்லை. எந்த வேகத்தில் இறங்கினாலும் சராசரி 30 ஆகாது. கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை இறங்குவதற்கு நேரமே இல்லை என்பது தம் கண்ணில் படவில்லை என்று ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். 50 என்று எழுதிவிட்டு வருந்துகிறவர்களுக்கு இது ஓர் ஆறுதல்.

பொதுவாகச் சொன்னால், பாதித் தூரத்தை ஒரு வேகத்தில் கடந்த பிறகு, மொத்தச் சராசரியை அதன் இரண்டு மடங்காக்குவது நடக்காத காரியம். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஆக்கலாம். அதற்கே மிகப் பெரிய வேகம் தேவைப்படும்.

வழியில் நின்ற நேரத்தைச் சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும். மொத்த நேரம் என்றால் புறப்பட்டதிலிருந்து சேர்ந்தது வரை. ‘நின்ற நேரம் நீங்கலாக’ என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் மட்டும் கழியுங்கள்.

1 மணி 20 நிமிடத்தை 1.20 என்று எழுதலாமா?

கூடாது. ஒரு மணிக்கு 60 நிமிடம், 100 அல்ல. 20 நிமிடம் என்பது மணியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 1 மணி 20 நிமிடம் என்பது 4/3 மணி. 80 கி.மீ. தூரத்தை இந்த நேரத்தில் கடந்தால் வேகம் 80 × 3 ÷ 4 = 60. 1.20 என்று போட்டால் 66.7 வரும். விடை பார்க்க நம்பும்படியாகவே இருப்பதால் தவறு கண்ணில் படாது. அதனால்தான் இது ஆபத்தானது. தசமத்தைத் தவிர்த்துப் பின்னமாகவே வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சுலபமாக அடிபடும்.

அலகு மாற்றத்துக்கு: மணிக்குக் கி.மீ.-இல் இருப்பதை வினாடிக்கு மீட்டராக்க 5/18-ஆல் பெருக்க வேண்டும். திரும்ப மாற்ற 18/5. 1 கி.மீ. = 1000 மீ., 1 மணி = 3600 வினாடி என்பதிலிருந்து வருவதுதான் இது. எதை எங்கே போடுவது என்று குழப்பமாக இருந்தால், மீ/வி-இல் எண் எப்போதும் சிறியதாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மணிக்கு 72 கி.மீ. என்பது 20 மீ/வி.

இதெல்லாம் காகிதத்தில் மட்டுமா, நிஜ ஓட்டத்திலும் தெரியுமா?

தெரியும். 2009-இல் பெர்லினில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். 100 ÷ 9.58 = 10.44 மீ/வி, மணிக்கு ஏறக்குறைய 37.6 கி.மீ.

அந்த ஓட்டத்தை 20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து அளந்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 வினாடி, அடுத்ததற்கு 1.75, பிறகு 1.67, 1.61, கடைசித் துண்டுக்கு 1.66. கூட்டினால் சரியாக 9.58. ஒவ்வொரு துண்டின் வேகத்தையும் கணக்கிட்டால் 6.92, 11.43, 11.98, 12.42, 12.05 மீ/வி வரும். இந்த ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால்? 10.96. உண்மையான சராசரி 10.44-தான். துண்டுகள் ஐந்தும் சம தூரம், ஆனால் சம நேரம் அல்ல. தொடக்கத் துண்டு மட்டும் 2.89 வினாடியை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓடுகளத்தில் அரை மீ/வி என்பது சின்ன விஷயமல்ல. 10.96 மீ/வி-இல் ஓடினால் 100 மீட்டரை 9.12 வினாடியில் முடித்துவிடலாம்!

இன்னொன்றும் கவனியுங்கள். அவருடைய சராசரி 10.44, ஆனால் 60-இலிருந்து 80 மீட்டர் வரை 12.42-இல், அதாவது மணிக்கு 44.7 கி.மீ. வேகத்தில் ஓடியிருக்கிறார். ‘போல்ட் எவ்வளவு வேகம்?’ என்ற கேள்விக்கு இரண்டு வேறு எண்கள் உலவுவது இதனால்தான்.

(தொடக்க வேகம் + இறுதி வேகம்) ÷ 2 என்ற சூத்திரம் பாடத்தில் இருக்கிறதே? அது தப்பா?

தப்பில்லை. முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டும் சரி. அப்போது வேகம் ஒரே சீராகக் கூடுகிறது. முதல் பாதி நேரத்தில் எவ்வளவு குறைந்ததோ அதை இரண்டாம் பாதி நேரம் அப்படியே நிரப்பிவிடும்.

ஒரு கல்லை உயரத்திலிருந்து விடுகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொண்டால், 2 வினாடியின் முடிவில் வேகம் 20 மீ/வி. சராசரி (0 + 20) ÷ 2 = 10 மீ/வி. தூரம் 10 × 2 = 20 மீட்டர். முதல் வினாடியில் 5 மீட்டர், இரண்டாவதில் 15 மீட்டர் விழுந்திருக்கும். கல்லின் வேகம் சராசரிக்குச் சமமாக இருந்தது எப்போது? சரியாக 1 வினாடியின் முடிவில், அதாவது பாதி நேரத்தில். பாதித் தூரத்தில், 10 மீட்டர் விழுந்திருக்கும்போது, வேகம் 14.1 மீ/வி ஆகியிருக்கும். மறுபடியும் அதே நேரம், தூரம் விவகாரம்தான்.

இந்த விதி கலிலியோவுக்கும் முந்தையது. 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் இதைச் சொன்னார்கள். அதே நூற்றாண்டில் பிரான்ஸின் நிக்கோல் ஒரெம் படம் வரைந்து நிறுவினார். கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் விழும் பொருள்களை விளக்க இதைப் பயன்படுத்தினார்.

போல்ட்டின் ஓட்டத்துக்கு இதைப் போட்டால் (0 + 12.05) ÷ 2 = 6 சொச்சம் வரும்; அர்த்தமே இல்லை. அவருடைய முடுக்கம் மாறிக்கொண்டே இருந்தது. கேள்வியில் ‘சீரான முடுக்கம்’ என்றோ ‘தடையின்றி விழும்’ என்றோ இல்லாவிட்டால் இந்தச் சூத்திரத்தைத் தொடாதீர்கள்.

சராசரி வேகமும் சராசரி திசைவேகமும் ஒன்றா?

இல்லை. முதலாவது நடந்த தூரத்தைப் பார்க்கிறது. இரண்டாவது இடப்பெயர்ச்சியை, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை நேர்க்கோட்டில் எவ்வளவு, எந்தத் திசையில் என்பதைப் பார்க்கிறது.

50 மீட்டர் நீச்சல் குளத்தில் 1500 மீட்டர் போட்டி என்றால் 30 நீளம். இரட்டை எண் என்பதால் வீரர் குதித்த பக்கத்திலேயே வந்து முடிப்பார். உயிரைக் கொடுத்து நீந்தியும் சராசரி திசைவேகம் பூச்சியம்! சராசரி வேகம் பூச்சியமல்ல.

இன்னொரு வகை: ஒருவர் கிழக்கே 300 மீட்டர், பிறகு வடக்கே 400 மீட்டர் நடக்கிறார், மொத்தம் 350 வினாடி. தூரம் 700 மீட்டர், சராசரி வேகம் 2 மீ/வி. இடப்பெயர்ச்சி பிதாகரஸ் தேற்றப்படி 500 மீட்டர்; சராசரி திசைவேகத்தின் அளவு 500 ÷ 350 = 1.43 மீ/வி. திசைவேகத்தின் அளவு ஒருபோதும் சராசரி வேகத்தைத் தாண்டாது. திரும்பாமல் ஒரே நேர்க்கோட்டில் போனால் இரண்டும் சமம்.

வரைபடம் கொடுத்துச் சராசரி வேகம் கேட்டால்?

எந்த வரைபடம் என்று அச்சுகளைப் பாருங்கள். தூரம்–நேரம் வரைபடமானால் தொடக்கப் புள்ளியையும் இறுதிப் புள்ளியையும் நேர்க்கோட்டால் இணைத்து அதன் சாய்வைக் கண்டால் போதும். நடுவில் கோடு எப்படி நெளிந்தாலும் கவலையில்லை. வேகம்–நேரம் வரைபடமானால் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு மொத்தத் தூரம். அதை நேரத்தால் வகுக்க வேண்டும்.

பாதித் தூரமும் பாதி நேரமும் ஒரே கணக்கில் வந்தால்?

நுழைவுத் தேர்வுகளுக்குப் பிடித்த வகை. ‘பாதித் தூரத்தை மணிக்கு 40 கி.மீ.-இல் கடக்கிறார். மீதித் தூரத்துக்கு ஆகும் நேரத்தில் பாதி நேரம் 50-இலும் பாதி நேரம் 70-இலும் போகிறார். சராசரி வேகம்?’

பின்னாலிருந்து வாருங்கள். இரண்டாம் பாதிக்குள் நேரங்கள் சமம்; ஆகவே அங்கே கூட்டி வகுக்கலாம்: (50 + 70) ÷ 2 = 60. இப்போது கணக்கு, பாதித் தூரம் 40-இல், பாதித் தூரம் 60-இல் என்று சுருங்கிவிட்டது. விடை 48.

ஆற்றில் படகு போய் வரும் கணக்கும் இதே வகையா?

ஆமாம். அசையாத நீரில் படகின் வேகம் மணிக்கு 10 கி.மீ., நீரோட்டம் 2 என்றால், ஓட்டத்தோடு 12, எதிர்த்து 8. சம தூரம் என்பதால் 2 × 12 × 8 ÷ 20 = 9.6. ஒரு திசையில் கிடைக்கும் உதவியும் மறு திசையில் வரும் தடையும் சரிக்குச் சரி போய்விடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தடையில் செலவாகும் நேரம் அதிகம். நீரோட்டம் 6 ஆனால் சராசரி 6.4-க்கு இறங்கிவிடும். நீரோட்டம் 10 ஆனால் படகு எதிர்த்து வரவே முடியாது.

பயிற்சிக்குச் சில கணக்குகள் கிடைக்குமா?

விடையை மூடிவைத்துவிட்டுப் போடுங்கள்.

400 மீட்டர் வட்டப் பாதையை ஒருவர் 16 நிமிடம் 40 வினாடியில் 5 முறை சுற்றுகிறார். சராசரி வேகம், சராசரி திசைவேகம்? (2 மீ/வி, பூச்சியம்.)

பாதையின் மூன்று சம பகுதிகள் மணிக்கு 10, 20, 60 கி.மீ. வேகங்களில் கடக்கப்படுகின்றன. சராசரி? (18.)

பாதித் தூரம் மணிக்கு 30 கி.மீ.-இல். மொத்தச் சராசரி 40 ஆக மீதியை என்ன வேகத்தில் கடக்க வேண்டும்? (60. இங்கே 50 என்று எழுதினால் மேலே இரண்டாவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.)

நிற்காமல் போனால் மணிக்கு 60 கி.மீ. போகும் பேருந்தின் சராசரி, நின்று நின்று போவதால் 50 ஆகிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறது? (10 நிமிடம். 50 கி.மீ. ஓட அதற்கு 50 நிமிடம் போதும்.)